ஜூரா மலையிலிருந்து ஹட்டன் மலைக்கு

சுவிட்சர்லாந்தின் மேற்கு ஓரத்தில், பிரான்சின் எல்லையை ஒட்டி, ஜூரா மலைத்தொடர் கிடக்கிறது. அதன் முதுகில் லா ஷோ-த-ஃபோன், லு லோக்ல் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊர்கள். இரண்டும் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பவை. இலங்கை மலைநாட்டில் இருக்கும் நம் ஹட்டன் அவற்றைவிட உயரம். நுவரெலியா 1,868 மீட்டர். குளிர்காலம் வந்தால் ஜூராவில் மாதக்கணக்கில் நிலம் பனிக்கடியில் போய்விடும். மாடு வளர்த்துப் பிழைத்த குடும்பங்கள் 18ஆம் நூற்றாண்டில் அந்த மாதங்களில் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து கடிகார உதிரிகளை அராவத் தொடங்கின. ஒரு வீடு பல்சக்கரம் வெட்டும். அடுத்த வீடு திருகாணி கடையும். இன்னொரு வீடு முள்ளைத் தீட்டும். எல்லாவற்றையும் வாங்கிக் கோத்து வெளியூருக்கு அனுப்ப ஒரு வியாபாரி இருப்பார். உலகத்தின் விலையுயர்ந்த இயந்திரக் கைக்கடிகாரங்களுக்குத் தாய்வீடு அந்த மலைதான்.

அந்த இரண்டு ஊர்களையும், கடிகாரத் தொழிலுக்காகவே திட்டமிட்டுக் கட்டிய நகரங்கள் என்று 2009இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மறு வருடம், 2010இல், இலங்கையின் மத்திய மலைநாடும் அதே பட்டியலில் சேர்ந்தது. நமக்குக் கிடைத்த இடம் காட்டுக்காக: சிவனொளிபாத மலைக் காடு, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ். அந்த மலையில் தொழிலாளியின் கைவேலை மரபாகிவிட்டது. நம் மலையில் இன்னும் ஆகவில்லை.

தோட்டத்து லயத்தில் பிறந்து படித்து, கொழும்பிலும் வளைகுடாவிலும் அதற்கு அப்பாலும் நல்ல வேலைக்குப் போன நம் பிள்ளைகள் சிலர், சொந்தச் சம்பாத்தியத்தில் முதன்முதலாக ஒரு பெரிய வாட்ச் வாங்க நினைக்கிறார்கள். பேச்சு பெரும்பாலும் இரண்டு பெயர்களில் வந்து நிற்கிறது: ரோலெக்ஸா, ஒமேகாவா? இன்னும் குறுக்கிச் சொன்னால், ரோலெக்ஸின் எக்ஸ்ப்ளோரரா, ஒமேகாவின் சீமாஸ்டர் அக்குவா டெர்ராவா? கேட்கிறவர்களுக்கு, இந்தப் பொருள் நம் மலைக்கு வந்து சேர்ந்த வழியை நான் முதலில் சொல்வேன். இங்கே கடிகாரம் நெடுங்காலம் அடுத்தவன் கையில் இருந்து நம்மை அளந்த பொருள். அதை நாமே காசு கொடுத்து வாங்கும்போது, அது என்ன வேலை செய்கிறது, எதைத் தாங்கும், பழுதானால் யார் பார்ப்பார் என்று கேட்டு வாங்க வேண்டும். முகப்பில் இருக்கும் சின்னத்தைப் பார்த்து மயங்கி வாங்கக் கூடாது.

ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்ததும் அதே வருடம்தான். தண்டவாளம் 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் ஏறியது. அதற்கு முன்பே கோப்பிக் காலத்தில், தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் நம் முன்னோர். அவர்களிடம் கடிகாரம் இல்லை. ஊரில் சூரியனும் சேவலும் கோயில் மணியும் போதுமாக இருந்தன.

தோட்டத்தில் அவை போதவில்லை. விடியும் முன்பே லயத்து வாசலில் தப்பு ஒலிக்கும். பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, ஆள் எண்ணும் பிரட்டுக் களத்துக்கு ஓட வேண்டும். அங்கே துரையின் கடிகாரம் என்ன சொல்கிறதோ அதுதான் நேரம். பிந்தி வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடலாம். அன்றைய பேர் போய்விடும். பேர் என்றால் செக்ரோலில் விழும் ஒரு நாள் சம்பளம். பாதி நாளுக்கு அரைப்பேர். நிமிடக் கணக்குத் தவறினால் சோறு குறையும் வாழ்க்கையில், அந்த நிமிடத்தைச் சரிபார்க்கும் கருவி தொழிலாளியிடம் இல்லை. தன்னை அளக்கும் தராசைத் தான் பார்க்க முடியாத நிலை அது. கொழுந்து மடுவத்தில் தராசின் முள்ளையாவது எட்டிப் பார்க்கலாம். துரையின் பையில் இருந்த கடிகாரத்தை யார் எட்டிப் பார்ப்பது?

அடுத்துக் கடிகாரம் வந்தது பெரிய கங்காணியின் கோட்டுக்கு. தலைப்பாகையும் கறுப்புக் கோட்டும் போட்டு அவர்கள் நின்று எடுத்துக்கொண்ட பழைய படங்கள் இருக்கின்றன. கோட்டுப் பையிலிருந்து தொங்கும் சங்கிலிதான் அந்தப் படங்களில் என் கண்ணில் முதலில் படும். ஆள் கட்டி வந்து, கடன் கணக்கு எழுதி, தன் ஆட்களின் பேருக்குத் தலைக்காசு வாங்கியவர் கங்காணி. நேரத்தைப் பையில் வைத்திருப்பதும் அந்த அதிகாரத்தோடு சேர்ந்த உடைமைதான்.

தேயிலை ஸ்டோருக்குள்ளும் நேரம்தான் எஜமான். கொழுந்தை இரவெல்லாம் வாடப்போட்டு, உருளையில் அரைத்து, சல்லடையில் சலித்து, புளிக்க விட்டு, அடுப்புக்கு அனுப்ப வேண்டும். புளிப்பு கொஞ்சம் கூடினால் சாயம் கறுத்து வாசம் போய்விடும். குறைந்தால் பச்சை வாடை அடிக்கும். டீமேக்கர் ஐயாவின் மூக்கும் சுவர்க் கடிகாரமும் ஒத்துப்போனால்தான் நல்ல தேயிலை. இன்று திம்புள்ளத் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் கிடைக்கும் மதிப்பில், அந்தக் கடிகாரத்தின் பங்கும் அதைப் பார்த்துக்கொண்டு இரவு முழுக்க விழித்திருந்தவர்களின் பங்கும் உண்டு.

ஊருக்கு ஒரு நேரம் இருந்த காலம் 1906இல் முடிந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் இலங்கை கிரீன்விச்சை விட ஐந்தரை மணி நேரம் முந்திய பொது நேரத்தை ஏற்றுக்கொண்டது. இந்தியாவும் அதே நேரத்துக்கு வந்தது. ஆக ராமேஸ்வரத்திலும் தலைமன்னாரிலும் ஹட்டன் ஸ்டேஷனிலும் ஒரே மணி. இரண்டாம் உலகப் போரில் 1942இல் இலங்கையின் முள்ளை இரண்டு முறை தள்ளி வைத்து, 1945இல் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு ஐம்பது வருடம் இரு கரைக்கும் மறுபடி ஒரே நேரம். இதை நினைவில் வையுங்கள்.

இதற்கிடையில் கடிகாரம் பையிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியிருந்தது. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் பைக்குள் கையை விட நேரமில்லாத சிப்பாய்கள் அதைக் கையில் கட்டிக்கொண்டார்கள். நாம் பேசும் இரண்டு பெயர்களும் அந்தக் காலத்தில் வளர்ந்தவைதான்.

ஒமேகா மூத்தது. லூயி பிராண்ட் என்ற இளைஞர் 1848இல் லா ஷோ-த-ஃபோனில் தொடங்கிய பட்டறை அது. ஜூரா வீடுகளில் செய்த உதிரிகளை வாங்கிக் கோத்து விற்ற வியாபாரிகளில் அவரும் ஒருவர். அவருடைய மகன்கள் 1880இல் மலையடிவாரத்து பீல் நகரத்துக்கு இறங்கி, தொழிற்சாலை வைத்தார்கள். 1894இல் அவர்கள் செய்த ஓர் இயந்திரத்துக்கு இட்ட பெயரே ஒமேகா. பிறகு அதுவே கம்பெனியின் பெயராயிற்று.

ரோலெக்ஸ் மலையில் பிறந்ததல்ல. ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃப் என்ற ஜெர்மானியர் 1905இல் லண்டனில் தொடங்கிய வியாபாரம் அது. போருக்குப் பின் ஜெனீவாவுக்குக் குடிபெயர்ந்தது. அவர் பிடிவாதமாகத் தேடியது நீரும் தூசும் புகாத கூடு. 1926இல் ஆய்ஸ்டர் கூடு வந்தது. மறு வருடம் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் ஆங்கிலக் கால்வாயில் நீந்தியபோது அதை அணிந்திருந்தார். கை அசைய அசையத் தானே சாவி ஏறும் சுழல்தட்டு 1931இல் சேர்ந்தது. இதில் நம் ஆட்கள் பலர் அறியாத ஒன்று உண்டு: ரோலெக்ஸ் கடிகாரத்தின் உள் இயந்திரம் தொடக்கத்திலிருந்தே பெரும்பாலும் பீல் நகரத்தில் இருந்துதான் வருகிறது. இரண்டு வாட்ச்சுக்கும் ஒரே ஊரோடு உறவு உண்டு. ஒன்று உசத்தி, மற்றது மட்டம் என்று யாராவது சொன்னால் பீல் என்ற பெயரைச் சொல்லுங்கள்.

சீமாஸ்டர் பிறந்த வருடம் 1948. ஒமேகாவின் நூற்றாண்டுக்காக வெளியிட்டது. அந்த வருடம் லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடையோட்டத்தில் டங்கன் வைட் 51.8 விநாடியில் ஓடி, சுதந்திர இலங்கைக்கு வெள்ளி வாங்கிக் கொடுத்தார். அந்தப் போட்டிகளின் நேரக் கணக்கை ஒமேகா பார்த்தது. நாடு கொண்டாடிக்கொண்டிருந்த அதே வருடத்தில்தான் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவர்களாக்கியது. ஒரு வருடத்தின் பெயரைச் சொன்னால் ஒவ்வொருவருக்கும் ஒன்று நினைவுக்கு வரும். 1948 என்றால் நமக்கு வருவது இதுதான்.

எக்ஸ்ப்ளோரர் 1953இன் பிள்ளை. எவரெஸ்ட் ஏறிய பெருமையில் வந்தது. அந்தச் சிகரத்தில் நின்ற டென்சிங் நோர்கே வாழ்ந்தது டார்ஜிலிங்கில். அதுவும் தேயிலை மலைதான். அங்கும் கூடை சுமப்பவர்கள் தோட்டத்துப் பெண்கள்தான்.

இந்த உசத்தியான சரக்கெல்லாம் அப்போது லயத்துக்கு வரவில்லை. வந்தவை ரோமர், டிட்டோனி போன்ற நடுத்தர சுவிஸ் வாட்ச்சுகள். அவற்றையும் வாங்கியவர்கள் முதலில் கணக்குப்பிள்ளைமார், பள்ளிக்கூட வாத்தியார்கள், சங்கத்துத் தலைவர்கள். பிறகு மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு வாட்ச் போடும் வழக்கம் தோட்டத்துக்கும் வந்தது. சீட்டுப் பிடித்து, ஆடு விற்று வாங்கியிருப்பார்கள். அந்தப் பிள்ளை அதைக் கட்டிக்கொண்டு பிரட்டுக்குப் போகும்போது, முதல் தடவையாகத் துரையின் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கடிகாரம் களத்தின் இந்தப் பக்கமும் இருந்தது. அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. தொழிற்சங்கம் வந்தது போலவே அதுவும் ஒரு மாற்றம்.

1964 அக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நம் மக்கள் ஒன்பதே முக்கால் லட்சம் பேரைப் பங்கு போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஹட்டன் ஸ்டேஷனில் போகிறவர்களும் நிற்கிறவர்களும் கட்டிப்பிடித்து அழ, அந்த ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்றே பெயர் விழுந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பேர் பதிந்து, நீலகிரித் தோட்டங்களுக்கும் இன்னும் எங்கெங்கோவும் போனார்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் தமிழ்நாட்டு அரசின் டான்டீ தோட்டங்களில் மறுபடி கொழுந்து பறித்தார்கள்.

கையில் வாட்ச் கட்டியிருந்தவர்களின் வாட்ச்சும் அவர்களோடு கப்பல் ஏறியது. நாடு மாறியது, கடவுச்சீட்டு மாறியது, அரிசியின் ருசி மாறியது. கடிகாரத்தின் முள்ளை மட்டும் யாரும் திருப்ப வேண்டியிருக்கவில்லை. இரண்டு கரையிலும் ஒரே நேரம். அந்த மக்கள் இழந்த எதுவும் அந்தக் கடலின் அகலத்தால் வந்ததல்ல, அரசுகளின் பேனாவால் வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

இங்கே நின்றவர்களுக்கு 1970கள் பஞ்ச காலம். 1973, 74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் விழுந்தன. அடகுக்கடைக்குத் தோடு போனது, மூக்குத்தி போனது, மாப்பிள்ளை வாட்ச்சும் போனது. மீட்கப்படாத வாட்ச்சுகள் யார் யார் கைக்கோ போயின.

அதே பத்தாண்டில் ஜூரா மலையிலும் அடுப்பு அணைந்தது. ஜப்பானின் சீக்கோ 1969 கிறிஸ்துமஸ் நாளில் அஸ்ட்ரான் என்ற குவார்ட்ஸ் வாட்ச்சை விற்பனைக்கு வைத்தது. மின்கலத்தில் ஓடி, மாதத்துக்குச் சில விநாடிகளே பிசகும் கடிகாரம். விலை மளமளவென்று இறங்கியது. 1970இல் சுமார் 90,000 பேருக்கு வேலை கொடுத்த சுவிஸ் கடிகாரத் தொழிலில், 1980களின் நடுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே மிஞ்சினார்கள். இயந்திரக் கடிகாரம் அன்றோடு தேவைப் பொருள் என்ற இடத்திலிருந்து இறங்கி, ஆடம்பரப் பொருளாக மறுபடி ஏறியது. இன்றைய விலைக்குக் காரணம் அந்தத் திருப்பம்தான்.

இலங்கையில் 1977க்குப் பிறகு இறக்குமதிக் கதவு திறந்தது. வளைகுடா வேலைக்குப் போன நம் பெண்கள் திரும்பி வரும்போது தம்பிக்கு, மகனுக்கு என்று வாட்ச் வாங்கி வந்தார்கள். சீக்கோ ஃபைவ் அந்தக் காலத்து அடையாளம். மின்கலம் வேண்டாம், சாவி வேண்டாம், கையில் கட்டினால் போதும், தானே ஓடும். மலைநாட்டின் முதல் உண்மையான ஜனநாயக இயந்திர வாட்ச் அதுதான் என்பேன். யாரோ ஒரு வீட்டின் சமையலறையில் விடிகாலை தொடங்கி நள்ளிரவு வரை நின்ற ஒரு தாயின் உழைப்பு அதில் இருக்கிறது. அப்படி ஒன்று உங்கள் வீட்டில் கிடந்தால், லட்சக்கணக்கில் வாங்கப்போகும் வாட்ச்சுக்கு முன்னால் அதைத் திருத்தி ஓட வையுங்கள்.

நேரம் இன்னொரு முறையும் நம் மலையைத் தொட்டது. 1996இல் மழை பொய்த்து, காசல்ரீயும் மவுசாக்கலையும் வற்றி, லக்ஷபான மின்நிலையங்கள் தடுமாறியபோது, மின்சாரத்தைச் சேமிக்க அரசாங்கம் மே 25ஆம் திகதி நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. அக்டோபரில் அரை மணி நேரம் பின்வாங்கியது. 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரை திரும்பி வந்தது. வற்றியவை நம் மலையின் நீர்த்தேக்கங்கள். அந்த மாதங்களில் விடியாத விடியலில் பனியிலும் இருட்டிலும் பிரட்டுக்குப் போனவர்களும் நம் மக்கள்தான்.

இப்போது அந்த இரண்டு வாட்ச்சையும் மேசையில் வைப்போம்.

இரண்டும் ஓடும் விதம் ஒன்றுதான். சுருள்வில்லில் முறுக்கேற்றிய விசை, பல்சக்கரங்கள் வழியே வெளியேறத் துடிக்கும். அதைத் தடுத்துத் தடுத்து விடும் ஓர் உறுப்பு கடைசியில் இருக்கிறது. மடுவத்தில் கணக்குப்பிள்ளை வரிசையை மறித்து ஒவ்வொரு கூடையாக நிறுவைக்கு விடுவது போல, அது ஒவ்வொரு பல்லாக விடும். அந்த ஒழுங்குதான் நேரம். எக்ஸ்ப்ளோரரின் 3230 இயந்திரம் விநாடிக்கு எட்டுத் துடிப்பு. 38 மில்லிமீட்டர் அக்குவா டெர்ராவின் 8800 இயந்திரம் ஏழு. ஒமேகாவில் இருக்கும் கோ-ஆக்சியல் அமைப்பு ஜார்ஜ் டேனியல்ஸ் என்ற ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்தது. 1999இல் ஒமேகா அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உறுப்புகள் உரசிச் சறுக்குவதை அது குறைக்கிறது. கண்ணாடி முதுகு இருப்பதால் அந்த இயந்திரம் வேலை செய்வதை நீங்களே பார்க்கலாம். ரோலெக்ஸ் எக்ஸ்ப்ளோரரின் முதுகை மூடி வைக்கிறது.

துல்லியத்தில் இரண்டுமே அசத்தல். ரோலெக்ஸ் நாளுக்கு இரண்டு விநாடிக்கு மேல் முந்தாது, பிந்தாது என்று கம்பெனியே உறுதி கொடுக்கிறது. ஒமேகாவைச் சுவிஸ் அளவையியல் நிறுவனமான மெட்டாஸ் வகுத்த சோதனைகளுக்கு உட்படுத்துகிறார்கள்: பிந்தவே கூடாது, முந்தினாலும் ஐந்து விநாடிக்குள். ஒரு நாளின் 86,400 விநாடிகளில் இதெல்லாம் தூசு. இதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

வேறு மூன்று விஷயங்கள் நம் மலைக்கு முக்கியம். முதலாவது நீர். வட்டவளையும் நோர்ட்டன் பிரிட்ஜும் இலங்கையின் அதிக மழை விழும் இடங்கள். கொழும்பு வெக்கையிலிருந்து நுவரெலியாக் குளிருக்கு ஒரே நாளில் ஏறும்போது, அடைப்பு தேய்ந்த பழைய வாட்ச்சின் கண்ணாடிக்குள் ஆவி படரும். எக்ஸ்ப்ளோரர் 100 மீட்டர் நீரழுத்தத்துக்கும், அக்குவா டெர்ரா 150 மீட்டருக்கும் சோதித்தவை. இரண்டும் நம் மழையைத் தாங்கும். ஆனால் ரப்பர் அடைப்புக்கு ஆயுள் உண்டு என்பதை மறக்கக் கூடாது.

இரண்டாவது காந்தம். தேயிலை ஸ்டோரில் தூளிலிருந்து இரும்புத் துகளைப் பிரிக்கக் காந்தம் வைத்திருப்பார்கள், மோட்டார்கள் இருக்கும். வீட்டில் ஒலிபெருக்கி, தொலைபேசி உறையின் காந்தப் பூட்டு. பழைய வாட்ச்சின் மயிரிழைச் சுருளில் காந்தம் ஏறினால் நாளுக்கு நிமிடக்கணக்கில் ஓடித் தள்ளும். இரண்டு கம்பெனிகளும் இதற்கு மருந்து கண்டிருக்கின்றன. 15,000 காஸ் காந்தப்புலத்தைத் தாங்கும் என்று சான்றிதழோடு வருவது ஒமேகா. ஸ்டோரில் வேலை பார்ப்பவருக்கு இது பெரிய விஷயம்.

மூன்றாவது ஓய்வு நாள். வெள்ளி மாலை ஆறு மணிக்குக் கழற்றி வைத்தால், 55 மணி நேரம் தாங்கும் ஒமேகா திங்கள் அதிகாலை ஒரு மணிக்கு நின்றுவிடும். 70 மணி நேரம் தாங்கும் ரோலெக்ஸ் திங்கள் பிற்பகல் நாலு வரை ஓடும். இதில் ரோலெக்ஸ் முந்துகிறது. எக்ஸ்ப்ளோரரில் திகதி இல்லை. அக்குவா டெர்ராவில் உண்டு.

விலையைச் சொல்லாமல் போக முடியாது. இரண்டும் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அமெரிக்க டாலர். டாலருக்கு முந்நூறு ரூபாய் என்று வைத்தால் இருபது லட்சம் ரூபாய்ப் பக்கம். 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. 2024இல் அடிப்படை 1,350. இருபது லட்சத்தை அந்த 1,350ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1,480 முழுப்பேர். மாதம் 25 பேர் விழுந்தாலும் ஐந்து வருடம். குற்றவுணர்ச்சி ஏற்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. உழைத்துச் சம்பாதித்தவர் நல்ல பொருளை அணிவதில் ஒரு தப்பும் இல்லை. நம் பிள்ளைகள் அணிய வேண்டும் என்றே நான் ஆசைப்படுகிறேன். ஆனால் அம்மாவின் நகையை அடகு வைத்தோ, வட்டிக்கு வாங்கியோ, லயத்துக் கூரை ஒழுகும்போதோ வேண்டாம். கையில் இருக்கும் காசில், மிச்சம் இருக்கும்போது வாங்குங்கள்.

பழுது பார்ப்பதுதான் என்னை அதிகம் வருத்தும் பகுதி. ரோமரையும் சீக்கோவையும் ஹட்டன் டவுனில் கண்ணில் லென்ஸ் வைத்த ஒருவர் பிரித்துக் கழுவி எண்ணெய் போட்டுத் தந்துவிடுவார். இந்த இரண்டையும் அவரிடம் கொடுக்க முடியாது. ரோலெக்ஸ் தன் வலையமைப்புக்கு வெளியே உதிரி விற்பதில்லை. ஒமேகாவின் தாய்க் குழுமமான ஸ்வாட்ச்சும் 2016 முதல் வெளியார் பட்டறைகளுக்கு உதிரி கொடுப்பதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. ஆகவே, அதிகாரபூர்வ நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். ரோலெக்ஸுக்கு ஏறத்தாழ பத்து வருடத்துக்கு ஒரு முறை, ஒமேகாவுக்கு ஐந்து முதல் எட்டு வருடத்துக்கு ஒரு முறை முழுச் சீரமைப்பு சொல்கிறார்கள். அந்தச் செலவையும் சேர்த்தே விலை என்று கணக்கிடுங்கள்.

இவ்வளவு விலையைத் தவிர்க்கப் பழைய வாட்ச் வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முதல் கொள்முதலுக்கு வேண்டாம். முகத்துக்கு மறுபூச்சு அடித்து, வேறு வேறு வாட்ச்சின் உறுப்புகளைச் சேர்த்துக் கட்டிய பொருட்கள் தெற்காசியச் சந்தையில் ஏராளம். கண் பழகாதவரால் கண்டுபிடிக்க முடியாது.

கடைசியாகக் கடை. ரோலெக்ஸ் எக்ஸ்ப்ளோரரைக் கேட்டால் பெரும்பாலும் பேர் எழுதிக்கொண்டு காத்திருக்கச் சொல்வார்கள். காத்திருக்காமல் வேண்டுமென்றால் வெளிச்சந்தையில் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருக்கும். ஒமேகாவைப் பெரும்பாலும் கடைக்குள் போய், கட்டிப் பார்த்து, எழுதியிருக்கும் விலைக்கு வாங்கி வரலாம். திரும்ப விற்கும்போது ரோலெக்ஸ் விலையைப் பிடித்து நிற்கும், ஒமேகா இறங்கும். விற்பதை நினைத்து வாங்குபவருக்கு ரோலெக்ஸ் சரி.

கட்டிக்கொள்வதற்காக வாங்குபவருக்கு என் தீர்ப்பு ஒமேகா அக்குவா டெர்ரா, 38 மில்லிமீட்டர். பிரட்டுக் களத்தில் வரிசையில் நின்று பேர் கொடுத்த மக்களின் பிள்ளை, தன் காசைக் கொடுத்து ஒரு பொருளை வாங்க இன்னொரு வரிசையில் பேர் எழுதிக் காத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீரைத் தாங்கும், காந்தத்தைத் தாங்கும், திகதி காட்டும், உள்ளே நடப்பதைத் திறந்து காட்டும். அதிகாரபூர்வ கடையில் வாங்குங்கள். ஐந்து வருட உத்தரவாத அட்டையையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். வருடத்துக்கு ஒரு முறை நீரடைப்பைச் சோதித்துக்கொள்ளுங்கள்.